முழுகாமல் இருக்கிறாள்

"மூணு மாசமா நான் முழுவலைங்க. உடம்பு வேற என்னமோ பண்ணுது" என்றாள் என் மனைவி, ஓர் ஐப்பசிக் காலையில், மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டே. உலகச் சண்டை நடந்த வருஷங்கள் அவை. தா.பழூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கல்யாணமாகி நாலு வருஷமாகியும் பிள்ளையில்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் புளித்துப் போயிருந்தது. அவள் சொன்ன முதல் பேச்சிலேயே என் காது நிறைந்துவிட்டது. இரண்டாவது உள்ளே போகவேயில்லை.

எங்கள் பக்கம் ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்றால் பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று ஒரே அர்த்தம்தான். அவள் அதைச் சொல்லவில்லை. குளிக்க வேண்டிய நாள் வரவில்லை என்று மட்டும்தான் சொன்னாள். நான் என்ன ஏதென்று கேட்காமல் அம்மாவிடம் ஓடினேன். அம்மா அங்கேயே குலசாமிக்குப் பொங்கல் வைப்பதாக நேர்ந்துகொண்டாள். பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவளுக்கு என்ன வந்தாலும் வயிற்றுப் பிள்ளைமேல் போட்டோம். சோறு இறங்கவில்லை, மசக்கை. திருநீற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள், அதுவும் மசக்கை. நெஞ்சு எரிந்தது. பிள்ளைக்குத் தலைமுடி அடர்த்தி என்றாள் அம்மா. சாயங்காலமானால் உடம்பு கணகணவென்று சுட்டது. குடம் தூக்கினால் மூச்சு வாங்கியது. முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. போகப் போகச் சரியாகிவிடும் என்றோம்.

"எனக்கென்னமோ பயமா இருக்குங்க. யாருகிட்டயாவது கேட்டுட்டு வாங்களேன்" என்று அவளே ஒருநாள் சொன்னாள்.

உடையார்பாளையத்தில் ஒரு வைத்தியர் இருந்தார். போனேன், தனியாக.

"ஆளை அழைச்சிட்டு வரலையா தம்பி? நாடி பாக்காம என்னத்தச் சொல்றது?"

"முழுகாம இருக்காளுங்க. வண்டியில குலுங்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. காய்ச்சலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். தலைப்பிள்ளை அப்படித்தான் படுத்தும் என்று லேகியம் கொடுத்தனுப்பினார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? யோசனை கேட்கவா போனேன் நான்? எனக்குப் பிடித்த பதிலை அவர் வாயால் வாங்கப் போனேன். வாங்கிக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பினேன்.

தை மாதம் வளைகாப்புக்கு நாள் குறிக்கப் பூலாம்பாடியிலிருந்து மாமியார் வந்தார். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து வயிற்றில் கை வைத்தவர், வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை. என் முகம் பார்த்துப் பேசியறியாத மனுஷி, நேராக என்னிடம் வந்தார். "மாப்ள, வண்டியக் கட்டுங்க" என்றார்.

அரியலூரில் இங்கிலீஷ் வைத்தியம் படித்த டாக்டர் ஒருவர் இருந்தார். வழியெல்லாம் வண்டி குலுங்கிற்று. குலுங்கிக் கெட்டுப்போக உள்ளே ஒன்றுமில்லை.

டாக்டரிடமும் நான்தான் ஆரம்பித்தேன். "நீங்க கொஞ்சம் இருங்க. அவங்க சொல்லட்டும்" என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அவள் தலை குனிந்தபடி சொன்னாள். ஆனி மாதமே காய்ச்சல் தொடங்கியதாம், குளியல் நிற்பதற்கும் முன்னால். இருமல் வந்தால் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் இருமிவிட்டு வருவாளாம். ஒரே கூரையின் கீழ் இருந்த எனக்கு இதில் பாதி புதுசு.

டாக்டர் நெஞ்சிலும் முதுகிலும் குழாய் வைத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இது பிள்ளைத்தாச்சி உடம்பு இல்லீங்க. நெஞ்சு கெட்டுப்போயிருக்கு. ரத்தம் வத்திப்போய்த்தான் அது நின்னிருக்கு. அப்பவே அழைச்சிட்டு வந்திருக்கணும்."

அவளைப் பார்த்துக் கேட்டார். "ஏம்மா, இத்தன நாளா வீட்டுல சொல்லலையா?"

"சொன்னேங்க" என்றாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அவங்க ரொம்ப சந்தோசமா இருந்தாங்க. மறுக்கா சொல்ல மனசு வரல."

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பங்குனி பிறக்குமுன் அவள் போய்விட்டாள்.