இடது கைப் பின்னல்

ஏழெட்டு வருடம் ஆகியும் அந்தச் சாயங்காலம் மறக்கவில்லை.

முடிச்சூர் வீட்டில் கம்பளி நூலில் குரோஷா ஊசியால் குட்டி யானை, முயல் பொம்மைகள் பின்னுவது நான்தான். ஐந்தாம் வகுப்போடு நின்ற கூச்சக்காரன். ஆம்பளைக்கு இது ஒரு வேலையா என்று சிரிப்பார்களே எனப் பயந்து, என் மனைவி மேரி பின்னுவதாகவே எல்லோரிடமும் சொல்ல வைத்திருந்தேன்.

சேலையூர் சர்ச் வளாகத்தில் கைவேலை விற்பனை. மேரி மேசையில் இருந்தாள். நான் பின்னால் அட்டைப்பெட்டியோடு நின்றேன். வயதான டீச்சர் ஒருவர் யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ போட்டதாம்மா?"

"ஆமா மிஸ்."

"எங்க, ஊசியைப் பிடி."

மேரி வலது கையில் பிடித்தாள்.

"பின்னல் எதிர்ப்பக்கமா சாயுது. இது இடது கைக்காரங்க போட்டது. எங்கயோ வாங்கிட்டு வந்து, சொந்தக் கைவேலைன்னு விக்கிறியா?"

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேரிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நான் முன்னால் வந்து ஊசியை இடது கையில் வாங்கினேன். "நான் போட்டது மிஸ்." அங்கேயே ஒரு சுற்று பின்னிக் காட்டினேன்.

"இதைச் சொல்லவா தம்பி இவ்ளோ நேரம்?" என்றார் டீச்சர்.

திரும்பும்போது பஸ்ஸில் மேரி சொன்னாள்: "இனிமே யாராச்சும் புகழ்ந்தா நீயே வாங்கிக்கய்யா. ஒவ்வொரு வாட்டியும் எனக்குத் திருடுன மாதிரியே இருந்துச்சு."

என் கூச்சம் என்னோடு போகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இப்போது மேசையில் நான் உட்காருகிறேன். யாராவது சிரித்தால் இன்னமும் தலை குனிந்துவிடும். பக்கத்தில் மேரி நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருப்பாள்.