யாதகிரியின் வெள்ளை வளையம்

எங்கள் ஹைதராபாத் ஆய்வகத்தில் வேன் ஓட்டும் யாதகிரியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "நார்மல் அண்ணே" என்போம். நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட ஒரு நல்ல ரத்தம் வேண்டுமே, அதற்குக் கை நீட்டுபவர் அவர்தான். கூலி ஒரு இரானி டீ, இரண்டு உஸ்மானியா பிஸ்கட். தன் ரத்தம் எருமை ரத்தம், ஊசிதான் வளையும் என்று பீற்றிக்கொள்வார்.

மகள் கல்யாண அலைச்சலில் ஒரு வருஷமாக அவர் கை நீட்டவில்லை. போனாலு திருவிழா முடிந்ததும்தான் மறுபடி வந்தார். மூட்டுவாதக்காரி ஒருத்தியின் ரத்தம் ஒரு குழாயில், அவருடையது இன்னொன்றில். குழாயின் அடியில் கனமான திரவம். அதன்மேல் ரத்தத்தைச் சுவரோரமாக, கலங்காமல் விடவேண்டும். அவசரக் குடுக்கைகளுக்கு இந்த வேலை ஆகாது. இயந்திரத்தில் சுழற்றினால் சிவப்பு அடியில் இறங்கும், மஞ்சள் நீர் மேலே நிற்கும். நடுவில், நோயை எதிர்க்கும் அணுக்கள் மெல்லிய வெள்ளை வளையமாகத் தங்கும். அதை உறிஞ்சி எடுப்பதுதான் என் பிழைப்பு.

இயந்திரத்தைத் திறந்தேன். ஒரு குழாயில் நூல்போல வளையம். மற்றதில் பாலாடைபோலத் தடியாக. தடித்தது யாதகிரியுடையது.

வளையம் கோணினால் நாங்கள் செய்தவர் கையைத்தான் திட்டுவோம், நார்மல் ரத்தத்தைச் சந்தேகிக்க மாட்டோம். குழாயின் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டாயா என்று கூட வேலை பார்க்கும் ஸ்வர்ணலதாவிடம் எரிந்து விழுந்தேன். தானாக நிற்கவேண்டிய இயந்திரத்தை நான்தான் பிரேக் போட்டு நிறுத்திக் கலக்கியிருப்பேன் என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். கடைசியில் யாதகிரியையே மறுபடி அழைத்தோம்.

"என்னம்மா, கொட்டிட்டீங்களா? அப்ப பிஸ்கட் நாலு" என்று சட்டைக் கையை மடித்தார். முழங்கைக்குக் கீழே கன்றிப்போன நீலத் திட்டுகள். வேன் கதவு இடித்ததாம்.

இந்தமுறை அவர் குழாய் மட்டும்தான். சீட்டு மாற வழியில்லை, பிரேக்கை யாரும் தொடவில்லை. திறந்தேன். அதே தடித்த ஏடு. ஸ்வர்ணலதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

எங்கள் ஆய்வகத் தலைவர் டாக்டர் ரத்னப்ரபா அதில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நிமிராமலே கேட்டார்: "இந்த பிளட் கேன்சர் பேஷண்ட் எந்த வார்டு? கீமோ ஆரம்பிச்சாச்சா?"

"பேஷண்ட் இல்ல மேடம்." நான் கதவுப் பக்கம் கைகாட்டினேன். "நம்ம நார்மல் அண்ணே."

டாக்டர் சட்டென்று நிமிர்ந்தார்.

கதவுக்கு வெளியே யாதகிரி, மடித்த கையை இறக்காமல், பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டு நின்றார். எங்கள் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, கையை நீட்டினார்.

"பத்தலைன்னா இன்னும் எடுத்துக்கோங்கம்மா. எனக்கா ரத்தத்துக்குப் பஞ்சம்?"