லஸ்கர் காத்தான் தரங்கம்பாடிக்குப் போனது

காத்தான் முப்பத்தொரு வருஷம் ஆற்றுக்குக் கதவு திறந்து மூடியவர். திருவிடைமருதூர்ப் பக்கம், வீரசோழன் ஆற்றில் ஒரு மதகில் லஸ்கர் வேலை. உத்தரவு வந்தால் இரும்புச் சக்கரத்தைச் சுற்றி ஷட்டரை ஏற்றுவார், இறக்குவார். காலையும் மாலையும் அளவுப் பலகையைப் பார்த்து, தண்ணீர் எத்தனை அடி என்று நோட்டில் எழுதுவார். அவருடைய அப்பா அதே ஊரில் பண்ணையாளாக இருந்தவர். வாய்க்கால் மடையில் மண்வெட்டி வைக்கக்கூட யாரையாவது கேட்டு நின்றவர். அந்த வீட்டுப் பிள்ளையின் இடுப்பில் மதகுச் சாவி தொங்கியது சின்ன விஷயமில்லை.

அந்தச் சாவியே அவரை யாரையும் நம்பாத ஆளாகவும் ஆக்கிவிட்டது. மதகுக்கு எவனும் சும்மா வருவதில்லை. பிள்ளைகள் சௌக்கியமா என்று கேட்டால் கால் அடி தண்ணீர் கேட்கப் போகிறான். டீ வாங்கிக் கொடுத்தால் அரை அடி. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம், தை மாதத்தில் ஒரு காலை, அவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது மனைவி அம்சவல்லி வாசலுக்கு வந்தாள்.

"எங்க கெளம்பியாச்சு?"

"தரங்கம்பாடி. கோட்டை இருக்காம், பாத்துட்டு வர்றேன்."

"பெரிய கோயிலுக்கு வாங்கன்னு நாலு வருஷமா கூப்புடுறேன், வரல. இப்ப கோட்டை பாக்கணுமாக்கும். அதுவும் சைக்கிள்ல." அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "யாரப் பாக்கப் போறீங்க?"

அவர் குனிந்து சக்கரத்தை அழுத்திப் பார்த்தார். உண்மையைச் சொன்னாலும் அவளுக்குப் புரிய வைப்பது கஷ்டம். அவர் பார்க்கப் போவது ஒரு குரலை. ஆற்றின் கடைமடையான தரங்கம்பாடியிலிருந்து மதலைமுத்து என்ற விவசாயி வருஷா வருஷம் தை மாதம் போன் செய்வார். "லஸ்கர் சார், தண்ணி வந்து சேரலையே, ஷட்டர் தெறந்துதான் இருக்கா?" பல வருஷப் பழக்கம், முகம் தெரியாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த போன் திடீரென்று நின்றுபோயிற்று. ஆள் செத்துவிட்டானா, செத்தான் என்றால் எதனால் என்று அன்றிலிருந்து காத்தானுக்குள் ஒரு சந்தேகம். அந்தக் கடைசி வருஷம் அவர் ஒரு பொய் சொல்லியிருந்தார்.

ஆற்றங்கரையோடே மிதித்தார். இடது பக்கம் கதிர் முற்றிய சம்பா வயல், வலது பக்கம் ஆறு. ஆற்றுக்குள் எங்கெல்லாம் ரப்பர் குழாய் இறங்குகிறதோ அங்கெல்லாம் அவர் கண் போயிற்று. ஓரிடத்தில் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருந்த ஒருவர் அவரைப் பார்த்ததும் மோட்டாரை நிறுத்தினார்.

"எந்த ஆபீஸ்?"

"ஆபீஸெல்லாம் இல்லீங்க. தரங்கம்பாடி போறேன்."

"அப்ப எதுக்கு எண்ணிக்கிட்டு வர்றீங்க?"

வாய் அசைந்து எண்ணியது காத்தானுக்கே அப்போதுதான் தெரிந்தது. வண்டியை வேகமாக மிதித்தார். பின்னால் அந்த ஆள் யாருக்கோ போன் போடுவது கேட்டது. அதன் பிறகு சங்கரன்பந்தல் வரை வழியில் ஓடிய மோட்டார்கள் எல்லாம் அவர் வருவதற்கு முன்பே அடங்கிக் கிடந்தன.

பொறையாறு தாண்டி, வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில், தரங்கம்பாடியின் வெள்ளை நுழைவாயிலுக்குள் சைக்கிள் போயிற்று. தெரு நேராகக் கடலுக்கு ஓடியது. இருபுறமும் உயர்ந்த தூண் வைத்த பழைய கட்டிடங்கள், மாதா கோயில்கள். கோட்டை முன்னால் சைக்கிளை நிறுத்திவிட்டு அவர் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பத்தொரு வருஷம் அவர் அனுப்பிய தண்ணீரில் மிச்சமானது இங்கேதான் எங்கோ வந்து விழுந்திருக்கும். வெள்ளைக்காரன் கப்பல் நிறுத்திய ஊர் என்று காவலாளி யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். காத்தான் காதில் பாதிதான் விழுந்தது.

பக்கத்து டீக்கடையில் விசாரித்தார். "மதலைமுத்துன்னு ஒரு விவசாயி, இருக்காரா?"

டீ மாஸ்டர் ஆற்றிய டீயை அப்படியே வைத்துவிட்டார். "நீங்க யாரு? பேங்க்லேருந்தா?"

"இல்லீங்க. தெரிஞ்சவரு."

"தெரிஞ்சவருன்னா இருக்காரான்னா கேப்பீங்க?"

மாஸ்டர் போனை எடுத்துத் திரும்பி நின்று மெதுவாகப் பேசினார். கால் மணி நேரத்தில் மொபெட்டில் ஒருவர் வந்து இறங்கினார். ஒடிசலான ஆள், அறுபது தாண்டிய வயது, கழுத்தில் ஜெபமாலை. ஆள் உயிரோடிருந்தார்.

"யாரு நீங்க? என்ன விஷயம்?"

"கோட்டை பாக்க வந்தேன்" என்றார் காத்தான்.

அந்த மனிதரின் முகம் மாறியது. "இந்தக் கொரலு எனக்குத் தெரியுமே." சற்று யோசித்தார். "முழுசா தெறந்துதாங்க இருக்குன்னு சொல்லுவீங்க. அந்த லஸ்கரா?"

காத்தான் தலையாட்டினார். மதலைமுத்து வேறெதுவும் கேட்காமல் மொபெட்டைக் கிளப்பினார். காத்தான் பின்னாலேயே மிதித்தார். ஊருக்கு வெளியே ஒரு வயல் வரப்பில் வண்டி நின்றது. பாதி வயலில் நெல். மீதிப் பாதி வெளுத்து உப்புப் பூத்துக் கிடந்தது.

வரப்பில் நின்றே காத்தான் சொல்லிவிட்டார். "அந்த வருஷம் நாலு நாளு ஷட்டர எட்டு அங்குலம் எறக்கி வச்சேங்க. மேலதிகாரி ஒருத்தரு வாயால சொன்னாரு, எழுத்து கெடையாது. முடியாதுன்னு நான் சொல்லியிருக்கலாம். ஆனா அன்னைக்கிக் காலைல எங்கூரு பெரிய வீட்டுக்காரரு தன் வயலுக்குத் தண்ணி தேங்கணும்னு மதகுக்கு வந்தாரு. 'வாங்க காத்தான், ஒக்காருங்க'ன்னாரு. எங்கப்பாவ அந்த வீட்டுல 'டேய்'னுதான் கூப்புடுவாங்க. எனக்கு அந்த 'ங்க' போதுமா இருந்துச்சு. நீங்க போன் பண்ணினப்ப முழுசா தெறந்திருக்குன்னு சொல்லிட்டேன்."

மதலைமுத்து குனிந்து உப்புப் பூத்த மண்ணில் ஒரு கட்டியை எடுத்து நொறுக்கினார். பிறகு, "எனக்குத் தெரியும்" என்றார். "மறுநாளே பஸ் ஏறி ஒங்க மதகுக்கு வந்தேன். நீங்க இல்ல. ஷட்டரு எறங்கிக் கெடந்தத என் கண்ணால பாத்தேன். ஆபீஸ்ல எழுதிக் குடுத்தேன். நீ பாத்ததுக்கு என்ன அத்தாட்சின்னு கேட்டாங்க. அப்பறம் ஒங்களுக்கு போன் பண்ணி என்ன புண்ணியம்?"

"பயிரு?"

"கதிரு பால் பிடிக்கிற நேரம். பதராப் போச்சு." திடீரென்று அவர் குரல் கடுமையாயிற்று. "சரி, எட்டு வருஷம் கழிச்சு இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க? யாரு அனுப்புனா? கேஸு ஏதாவது நடக்குதா?"

"யாரும் அனுப்பலீங்க. நானாத்தான் வந்தேன்."

மதலைமுத்து நம்பவில்லை. அது கண்ணிலேயே தெரிந்தது.

இருந்தாலும் வெயிலில் அவ்வளவு தூரம் வந்தவரை அப்படியே அனுப்ப முடியாமல் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் மனைவி சவரியம்மாள் சோறும் மீன் குழம்பும் வைத்தார். மதலைமுத்து சாப்பிட உட்காரவில்லை, கொல்லைப் பக்கம் போய்விட்டார். காத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பொய் சொன்னவன் என்பதற்காகவா கூட உட்காரவில்லை, இல்லை என் பேரைக் கேட்டதும் என்ன ஜாதி என்று கணக்குப் போட்டுவிட்டாரா? வாழ்நாள் முழுக்க எந்த வாசலிலும் அவருக்கு வருகிற சந்தேகம்தான் அது.

சவரியம்மாள் அவர் இலையைப் பார்த்தார். தனக்கும் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். "அவருக்குக் கோவம் வந்தா எங்கூடவும் சாப்புட மாட்டாரு. நீங்க சாப்புடுங்க. முள்ளு பாத்து."

புறப்படும்போது மதலைமுத்து வாசலுக்கு வந்தார். மன்னிப்பு என்ற பேச்சே எடுக்கவில்லை. "இப்ப மதகுல எத்தன அடி போவுது?" என்று மட்டும் கேட்டார்.

"நான் ரிட்டயர் ஆயிட்டேங்களே."

"கண்ணு ரிட்டயர் ஆயிடுச்சா?"

அன்று சாயங்காலம் ஒரு வைக்கோல் லாரிக்காரர் காத்தானையும் சைக்கிளையும் திருவிடைமருதூர் வரை ஏற்றிக்கொண்டார். மறுநாள் காலை காத்தான் மதகுக்குப் போய், அளவுப் பலகையைப் படம் பிடித்து மதலைமுத்துவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அங்கே இப்போது லஸ்கராக இருக்கும் வைத்தியலிங்கம் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எதுக்கு அண்ணே போட்டோ? யாராச்சும் கேட்டாங்களா?" என்றார். அன்றிலிருந்து காத்தான் தலையைக் கண்டதும் நோட்டை மூடி வைக்கிறார்.

மூன்றாம் நாள் படத்துக்கு மதலைமுத்துவிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. எட்டு வருஷத்துக்குப் பிறகு போனில் கேட்ட அதே குரல். "லஸ்கர் சார், இது இன்னைக்கி எடுத்ததா, நேத்தைக்கி எடுத்ததா?"

காத்தானுக்குக் கோபம் வரவில்லை. அவராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார். அடுத்த நாள் காலை கடைத்தெருவில் அன்றைய தினசரியை வாங்கிக்கொண்டு மதகுக்குப் போனார். ஒரு கையால் தேதி தெரிகிற மாதிரி அதைப் பலகையோரம் விரித்துப் பிடித்து, மறு கையால் படம் எடுத்தார். இந்தத் தை முழுக்க அப்படித்தான் போகிறது. எழுபது எண்பது படம் சேர்ந்தால் ஒருவேளை மதலைமுத்து நம்பக்கூடும் என்று காத்தான் அம்சவல்லியிடம் சொல்கிறார்.