தாய்மாமனின் கட்டைவிரல்

போன புதன்கிழமை காலை பத்தே கால் மணி. போச்சம்பள்ளியில் ஒரு மண்டபம், உறவுக்காரக் குழந்தைக்குக் காதுகுத்து. கேசரியை வாயில் வைத்த நேரம், போனில் ஒரு செய்தி வந்தது.

'முதல் நோட் பத்து நிமிடங்களாகப் பதில் தரவில்லை. நீங்கள் எழுதிய செயல்முறையின் ஆறாம் படியின்படி மாற்று நோட்டை இயக்கிவிட்டேன். எல்லாம் சரியாக ஓடுகிறது.'

கேசரி இன்னும் கொஞ்சம் இனித்தது. பக்கத்தில் இருந்த என் மனைவி சரோஜாவிடம் போனைக் காட்டினேன். அவள் கண்ணாடியைக்கூடப் போடாமல் "நல்லது" என்றாள். முப்பத்து நான்கு வருடக் கம்பெனி வாழ்க்கையில் என் மேலதிகாரிகளும் என் ரிப்போர்ட்களை இப்படித்தான் படித்தார்கள்.

அடுத்த இருபத்தைந்தாவது நிமிடம் அந்த இனிப்பு போன இடம் தெரியவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன், கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோட் என்றதும் புத்தகத்தையோ ரூபாயையோ நினைக்க வேண்டாம். பிளாக்செயின் என்பது தனி ஒருவருக்குச் சொந்தமில்லாத ஒரு பெரிய ரிஜிஸ்டர். அதன் பிரதி ஊர் ஊராகப் பல கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றும் ஒரு நோட். ரிஜிஸ்டரில் புதுப் பக்கம் ஏறும்போதெல்லாம் 'பார்த்தேன், சரி' என்று நோட் கையெழுத்துப் போட வேண்டும். அந்த உரிமைக்காகக் கொஞ்சம் கிரிப்டோ காயினைப் பிணையாகக் கட்டி வைக்க வேண்டும். இதுதான் ஸ்டேக்கிங். ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டால் சிறு வருமானம். ஒரு நாள் லீவு போட்டால் சின்ன அபராதம், டீ செலவு மாதிரி.

ஆனால் ஒரே சாவியை, அதாவது கையெழுத்துக்கான ஒரே ரகசிய எண்ணை, வைத்து இரண்டு இடத்திலிருந்து கையெழுத்து விழுந்தால்...? அது மோசடிக் கணக்கு. பிணையில் ஒரு பகுதியை வெட்டிக்கொண்டு, நம்மை வெளியே தள்ளிவிடுவார்கள். விளக்கம் கேட்டு மெமோ வராது. என்கொயரி கிடையாது. மேல்முறையீடும் கிடையாது.

அந்தப் பிணை என்னுடையதாக இருந்தால் இதைச் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பேன். அது என் மைத்துனன் கோவிந்தராஜுடையது. சூளகிரிப் பக்கம் தொழிற்பேட்டை வந்தபோது அவனுடைய மாந்தோப்பு போனது. வந்த பணத்தில் ஒரு பங்கை, மகள் படிப்புக்கு உதவும் என்று இதில் போட்டான். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். "நீங்க பார்த்துக்கிட்டா எனக்கென்ன மாமா பயம்?" என்றான். புரொசீஜர் தெரிந்த மனிதனை விழவைக்க இதைவிட நல்ல வாக்கியம் உண்டா?

ஓசூரில் என் வீட்டு மாடி அறையில் முதல் நோட், டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி. சூளகிரியில் கோவிந்தராஜ் வீட்டில் மாற்று நோட். இரண்டையும் ராப்பகலாகக் கண்காணிக்க ஒரு ஏஐ உதவியாளர். அதற்காக நானே பதினான்கு படிகள் கொண்ட செயல்முறை எழுதிக் கொடுத்தேன். திருத்த எண், தேதி எல்லாம் உண்டு. "கம்பெனியை விட்டு வந்து ஏழு வருஷமாச்சு, இன்னும் பர்மிட் போடறதை விடலை" என்று சரோஜா சொன்னாள். மெஷினைத் தொடும் முன் கையெழுத்து வாங்கும் அனுமதிச் சீட்டுதான் பர்மிட்; நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை எங்கள் பகுதியில் பராமரிப்புக்காக ஒன்பது முதல் இரண்டு வரை கரண்ட் இருக்காது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அதனால் என்ன? யூபிஎஸ் ஒரு மணி நேரம் தாங்கும், பிறகு மாற்று நோட் எழுந்துகொள்ளும். கம்பெனியில் ஒரு பம்ப் நின்றால் ஸ்டாண்ட்பை பம்ப் ஓடுமே, அந்த மாதிரி. நிம்மதியாகக் கிளம்பி வந்துவிட்டேன்.

கேசரி முடித்துக் கை கழுவப் போனேன். அங்கேதான் கிடைத்தது அடி.

மண்டபத்திலும் கரண்ட் போயிருந்தது. எலக்ட்ரீஷியன் ஒருவர் சுவரில் இருந்த சேஞ்ச்ஓவர் சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். மேலே இருந்தால் மின்வாரியம். கீழே தள்ளினால் ஜெனரேட்டர். ஒரு பக்கத்தை விட்டால்தான் இன்னொரு பக்கம் போகும். இரண்டும் ஒன்றாகச் சேர அந்தக் கைப்பிடி விடாது. சேர்ந்தால் ஜெனரேட்டர் வெடிக்கும், கம்பத்தில் வேலை செய்கிறவன் சாவான்.

நான் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

என் பதினான்கு படிகளில் அந்தக் கைப்பிடி எங்கே?

இல்லை. மாற்று நோட்டை எழுப்பச் சொல்லியிருந்தேன். முதல் நோட்டைக் கட்டிப்போடச் சொல்லவில்லை. இன்னும் கேளுங்கள்: கரண்ட் வந்ததும் ஆள் தொடாமலே தானாக எழுந்துகொள்ளும்படி முதல் நோட்டுக்கு செட்டிங் வைத்தவனும் நானே. கரண்ட் வந்த சில நிமிடத்தில் ஓசூரிலிருந்து ஒரு கையெழுத்து. சூளகிரியிலிருந்து ஒரு கையெழுத்து. சாவி ஒன்று.

மணி பத்து நாற்பது. இரண்டு மணிக்குத்தானே கரண்ட் வரும்? அப்படிச் சொல்லித்தான் மூச்சை இழுத்துப் பிடித்தேன். ஆனால் வேலை சீக்கிரம் முடிந்தால் சீக்கிரமே கொடுத்துவிடுவார்கள். இத்தனை வருடம் கரண்ட் லேட்டாக வருகிறது என்று திட்டியவன், அன்று லேட்டாகட்டும் என்று சாமியை வேண்டினேன்.

'மாற்று நோட்டை உடனே நிறுத்து' என்று தட்டினேன்.

பதில் மரியாதையாக வந்தது. 'பதினோராம் படியின்படி, மாற்றம் நடந்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் எதையும் நிறுத்த இருவர் ஒப்புதல் தேவை. உங்கள் ஒப்புதல் பதிவானது. கோவிந்தராஜ் அவர்களின் விரல் ரேகைக்குக் காத்திருக்கிறேன். முதல் நோட் இப்போது எழுந்தால் இரட்டைக் கையெழுத்து அபாயம் உண்டு.'

அவசர விதிவிலக்கு எதுவும் இல்லையா என்று கேட்டேன். செயல்முறையில் அப்படி ஒன்று குறிப்பிடப்படவில்லை என்றது. எப்படி இருக்கும்? பதற்றத்தில் ஒருவன் தனியாக சுவிட்சைத் தொடக் கூடாது, பர்மிட்டில் இரண்டு கையெழுத்து வேண்டும், விதிவிலக்கு வைத்தால் சோம்பேறிகள் அதையே வழியாக்கிக்கொள்வார்கள் என்று ஆயிரம் பேருக்கு வகுப்பெடுத்தவன் நான். அந்த வகுப்பு இப்போது திரும்பி வந்து என் கழுத்தில் கை வைத்தது.

கோவிந்தராஜ் எங்கே? மேடையில். குழந்தைக்கு அவன்தான் தாய்மாமன் முறை. பட்டு வேட்டி, தோளில் துண்டு, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை மடியில். எதிரே ஆசாரி கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மண்டபம் முழுக்க அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

அங்கே ஏறிப் போய், உன் தோப்புப் பணத்துக்கு நான் வேட்டு வைத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். சொன்னேனா? இல்லை. கோழைக்கு எப்போதும் இன்னொரு வழி தெரியும்.

பக்கத்து வீட்டு நாராயணம்மாவுக்குப் போன் போட்டேன். இட்லி மாவு அரைத்து விற்கிறவர். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழும் கன்னடமும். எங்கள் வீட்டுச் சாவி அவரிடம் ஒன்று உண்டு. மாடியில் ஒரு ஒயரைப் பிடுங்க வேண்டும் என்றேன்.

"கரண்ட்டே இல்லையே சார், எதுக்குப் புடுங்கணும்?"

நியாயமான கேள்வி. வரப்போகிறது, அதனால்தான் என்றேன்.

"ஆமா, லைன்மேன் இப்பத்தான் வண்டியில போனாரு. முடிஞ்சிருச்சி, இன்னும் கொஞ்ச நேரத்துல விட்டுருவோம்னாரு. ஊறவச்ச அரிசி அப்படியே கிடக்குது, எனக்கு நல்லதாப் போச்சு."

ஓடுங்கள் என்று வாய் வரை வந்தது. அறுபது வயதுப் பெண்மணியிடம் அப்படிச் சொல்வதா? கொஞ்சம் சீக்கிரம் என்றேன். கேட் திறக்கும் சத்தம். படி ஏறும் மூச்சு. கதவு.

"சார், இங்க ஆறு ஒயரு தொங்குது. எது?"

லேபிள் ஒட்டியிருக்கும், பாருங்கள் என்றேன். ஆமாம், ஆறு ஒயரிலும் லேபிள் ஒட்டியிருந்தேன். கம்பெனி வழக்கப்படி, ஆங்கிலத்தில், குறியீட்டு எண்ணோடு.

"எல்லாத்துலயும் ஏபிசிடி எழுதி நம்பர் போட்டிருக்குது சார். எனக்கு என்ன தெரியும்?"

எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள் என்று நான் வாயைத் திறந்த வினாடி, லைன் கட்டானது. திரும்பப் போட்டேன். போகவில்லை. மறுபடி. போகவில்லை. எந்த டவரில் என்ன கோளாறோ...

மணி பதினொன்று ஐந்து. அதற்கு மேல் வழி இல்லை. மேடை ஏறினேன்.

குனிந்து அவன் காதருகே சொன்னேன். "கோவிந்து, போன்ல உன் விரலை வைக்கணும்."

"இப்பவா மாமா?"

"இப்பவே. ரெண்டு நோட்டும் ஓடப்போகுது."

இரட்டைக் கையெழுத்து என்றால் என்ன ஆகும் என்று பணம் கட்டும்போதே அவனைப் பயமுறுத்தி வைத்திருந்தேன். அவன் முகம் மாறியது. குழந்தையைப் பிடித்த கை மட்டும் மாறவில்லை.

"அந்த ஏஐ தப்புப் பண்ணிருச்சா?"

தப்பிக்கக் கதவு திறந்தே இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை. எனக்கும் மரியாதை மிஞ்சும், அவனும் அதைத் திட்டிவிட்டுப் போவான்.

"இல்லை கோவிந்து. நான் எழுதினதுதான் தப்பு. அது எழுதினபடி செஞ்சிருக்கு."

ஒரு நொடி என்னைப் பார்த்தான். "ஜோபியில இருக்குது, எடுங்க" என்றான்.

அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினேன். குழந்தையை விடாமல் கட்டைவிரலை வைத்தான். ஏற்கவில்லை. விரலெல்லாம் சந்தனம். மறுபடி வைத்தான். ஏற்கவில்லை. கீழே யாரோ, வீடியோ எடுக்கிறாரா பெரியவர் என்று கேட்டார். ஆசாரி நிமிர்ந்து, "மாமனையும் பிள்ளையையும் கொஞ்ச நேரம் விடறீங்களா?" என்றார். அவன் கட்டைவிரலை என் வேட்டியில் அழுத்தித் துடைத்தேன். மூன்றாவது முறை பச்சை டிக் விழுந்தது.

அதே நேரம் கம்பி இறங்கியது. குழந்தை வீறிட்டது. மண்டபம் சிரித்துக் கை தட்டியது. எனக்கும் அப்படி ஒரு முறை வாய்விட்டு அழத் தோன்றியது.

'மாற்று நோட் நிறுத்தப்பட்டது' என்று செய்தி வந்தது. ஐந்து நிமிடம் கழித்து நாராயணம்மாவே கூப்பிட்டார். "புடுங்கிட்டேன் சார். கரண்ட்டும் வந்துருச்சி. போய் மாவு போடறேன்."

நல்ல வேளை, இரண்டு பக்கமும் நின்றுவிட்டது, ஒரு நாள் லீவு அபராதம்தான் என்று நினைத்துக்கொண்டு, போனைப் பையில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அதன்பின் அதைத் தொடவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து மாடி அறைக்குப் போனேன்.

பெட்டியில் பச்சை விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

நாராயணம்மா பிடுங்கியிருந்தது பழைய பிரிட்ஜின் ஒயரை. பால் திரிந்து அறையெல்லாம் நாற்றம். நோட் தன் பாட்டுக்கு எழுந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. பதிவைத் திறந்து பார்த்தேன். சூளகிரி நின்றது பதினொன்று ஆறுக்கு. ஓசூரின் முதல் கையெழுத்து பதினொன்று பத்துக்கு.

நான்கு நிமிடம்.

அதைவிட இன்னொரு விஷயம்தான் என்னை இன்றுவரை விடவில்லை. லைன் கட்டான பிறகு நான் திரும்பப் போட்ட போன் அவருக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "புடுங்கிட்டேன் சார்" என்று நான் மேடை ஏறும் முன்பே காதில் விழுந்திருக்கும். நம்பியிருப்பேன். நன்றி சொல்லிவிட்டு இரண்டாவது பந்தியில் உட்கார்ந்திருப்பேன். வடை வைக்கும் நேரத்தில், யாருக்கும் தெரியாமல், ஒரு மாந்தோப்பின் துண்டு போயிருக்கும்.

உதவியாளருடன் நான் பேசிய பழைய உரையாடலையும் தேடிப் படித்தேன். செயல்முறை எழுதிய அன்று அது ஒரு கேள்வி கேட்டிருந்தது. 'முதல் நோட் தானாக மீண்டும் எழ வாய்ப்பு இருக்கிறதா? அதை உறுதி செய்த பிறகு மாற்று நோட்டை இயக்கலாமா?' அதற்கு என் பதில்: 'எனக்கு முப்பத்து நான்கு வருட அனுபவம். எழுதியபடி செய்யவும்.'

அது சொன்னது: 'சரி.'

அந்தச் 'சரி'தான் எனக்குப் பயமாக இருக்கிறது. கம்பெனியில் பசப்பா என்று ஒரு ஃபிட்டர் இருந்தார். மெஷின் சுவிட்சை அணைத்துப் பூட்டிச் சாவியைக் கையில் கொடுத்தாலும், போய்ப் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்காமல் பர்மிட்டில் கையெழுத்துப் போட மாட்டார். நான் அதிகாரி, அவசரம், மேலிடத்திலிருந்து போன்... எதுவும் செல்லாது. "இழுத்துப் பார்த்துட்டு வர்றேன் சார்" என்பார். எத்தனை நாள் அவரைத் திட்டியிருக்கிறேன். அவரோடு வேலை செய்த ஒருவருக்கும் விரல் போகவில்லை. கேள்வியை ஒரு தரம் கேட்டுவிட்டு 'சரி' என்று போகிறவரிடம் வேலை வேகமாக நடக்கும். என்னைப் போன்ற ஆளுக்கு அது ஆகாது.

செயல்முறையில் இப்போது ஒரு படி கூடியிருக்கிறது. முதல் நோட்டின் ஒயரைக் கையால் பிடுங்கி, படம் எடுத்து அனுப்பினால் மட்டுமே மாற்று நோட் எழும். தானாக எழும் செட்டிங்கை எடுத்துவிட்டேன். அந்த ஒயரில் ஒரு சிவப்பு அட்டை தொங்குகிறது. அதில் நாராயணம்மா தன் கையால் பெரிதாகத் தெலுங்கில் எழுதியது ஒரே வார்த்தை: இதுதான். எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது. நான் எழுதிய லேபிள்கள் செய்த சேவைக்கு இது எவ்வளவோ மேல்.

கோவிந்தராஜ் அன்றைக்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தினமும் காலையில் போன் செய்து ஒன்று மட்டும் கேட்கிறான்: "மாமா, ஒண்ணுதானே ஓடுது?"

எழுந்து மாடிக்குப் போய், சூளகிரி நின்றுதான் இருக்கிறதா என்று பதிவைப் பார்த்து, சிவப்பு அட்டை ஒயரையும் ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.