சபை வாசலில் நின்ற சீத்திம் மரம்

போன ஞாயிறு சபை வாசலில் கால் வைத்ததுமே மூக்கில் ஏறிவிட்டது, பச்சையாக அறுத்த மரப்பட்டையின் துவர்ப்பு வாடை. அது என் இருபது வயதின் வாடை. ஆம்பூர் தோல் ஷாப்பில், தோல் பதனிட மரப்பட்டை ஊறவைத்த தண்ணீர்த் தொட்டிக்குள் நின்ற நாட்கள். எந்த சோப்புக்கும் அது போகாது. கல்யாண போட்டோவில்கூட என் பெண்டாட்டி கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறாள், பாவம்.

சபையிலும் அப்படித்தான். நாங்கள் உள்ளே உட்கார்ந்தால் முன்பெஞ்சு கைக்குட்டை எடுக்கும். அதனால் தோல் ஷாப்பு ஆட்கள் எல்லோரும் வாசலோர ஜன்னலுக்கு வெளியே, கருவேல மரத்தடியில் பாய் விரித்து ஆராதனை கேட்போம். தலையில் மஞ்சள் பூ உதிரும், காலில் முள் ஏறும். ஒருநாள் அப்போதைய போதகர் பிரசங்கத்தைப் பாதியில் விட்டு வந்து, எங்கள் பாயிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மோசே காலத்துல கர்த்தர் தங்குன கூடாரத்த எதால செஞ்சாங்க? சாயம் போட்ட ஆட்டுத்தோலு, சீத்திம் மரம். சீத்திம்னா இன்னா? இந்த வேல மரத்து இனந்தான். தோலும் இங்க, மரமும் இங்க. அப்ப கூடாரம் எங்கய்யா இருக்குது?"

"அப்ப முன்பெஞ்சு எங்களுதுங்களா ஐயா?" என்றான் பக்கத்திலிருந்த யாக்கோபு. போதகரே சிரித்துவிட்டார்.

அந்த மரத்தைத்தான் வெட்டிவிட்டார்கள். சபைச் செயலாளர், என் கண்முன் ஞானஸ்நானம் எடுத்த பிள்ளை, சொல்கிறான்:

"அது சீமைக்கருவேலம்ண்ணா. தண்ணியெல்லாம் உறிஞ்சிடும். காரு நிறுத்த எடமும் ஆச்சு."

"கண்ணு இருக்குதாடா உனக்கு? கீழ கெடக்குற இந்தக் காயப் பாரு, மணி கோத்த மாதிரி. சீமையில இப்டியா காய்க்கும்? இது நாட்டுக் கருவேலம்டா!"

"முள்ளு முள்ளுதானேண்ணா. டென்சன் ஆவாதீங்க."

அடிமரத்தையாவது கொடுங்கள், பீடத்துக்கு ஒரு சிலுவை செய்து வைக்கிறேன் என்று கெஞ்சினேன். செங்கல் சூளைக்கு லாரி போய்விட்டதாம். கர்த்தருடைய கூடாரத்துக்கும் உடன்படிக்கைப் பெட்டிக்கும் ஆன மரம், செங்கல் சுட! உள்ளே மேடையில் மட்டும் 'லீபனோனின் கேதுரு' என்று வேதத்து மரத்தின் பெயரை அட்டையில் எழுதி மாட்டிய பிளாஸ்டிக் மரம். வயிறு எரியாதா, சொல்லுங்கள்?

சபையில் மூத்தவன் என்று இப்போது எனக்கு முன்பெஞ்சில் இடம் உண்டு. வேண்டாம் என்று வெளியே வந்து, வெட்டிய அடிக்கட்டையின் பக்கத்தில் பாய் விரித்தேன். வெயில் நேராகத் தலையில் இறங்கியது. பிரசங்கத்தை விட்டு யாரும் எழுந்து வரவில்லை. ஒரு கார்தான் வந்தது. என்னை நகரச் சொல்லி ஹாரன் அடித்தது.