மூடியில் நாலு விரல் இடைவெளி

1976ஆம் ஆண்டு அக்டோபர் 14, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். மழை இன்னும் தொடங்கவில்லை. கடல் காற்றும் நின்றுபோய், தூத்துக்குடியில் எங்கள் மில்லர்புரமே புழுங்கிக்கொண்டிருந்தது. அந்தப் புழுக்கத்தில் என் மகள் குளிருகிறது என்று இரண்டு போர்வை கேட்டாள். அவள் பிள்ளை உண்டாகி ஏழு மாதம் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

போர்த்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். நடுக்கம் நாற்பது நிமிடம் இருந்தது. பிறகு காய்ச்சல், அதன் பிறகு பாய் நனையும்படி வியர்வை. வெள்ளிக்கிழமை ஒன்றுமில்லை, எழுந்து ஐந்து இட்லி தின்றாள். சனிக்கிழமை மூன்று மணிக்கு மறுபடியும் குளிர்.

இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். ஏரலுக்குப் பக்கத்தில், ஆற்றங்கரை வயல்களுக்கு நடுவே இருந்தது எங்கள் ஊர். எனக்குப் பதினோரு வயதாயிருந்தபோது, பிள்ளை உண்டாகியிருந்த என் அக்கா இப்படித்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் நடுங்கினாள். ஆறாவது நடுக்கத்தோடு அவளும் போனாள், வயிற்றுப் பிள்ளையும் போயிற்று. முறைக்காய்ச்சல் என்றார்கள்.

வயலும் வாய்க்காலும் இல்லாத ஊராகப் பார்த்துத்தான் தூத்துக்குடியில் வேலை தேடினேன். துறைமுகத்தில் முப்பத்துநாலு வருடம் மூட்டை எண்ணினேன். உப்புக் காற்று அடிக்கும் இடத்தில் அந்தக் காய்ச்சல் அண்டாது என்பது என் நம்பிக்கை. மகளுக்கு ஆற்றங்கரையிலேயே மாப்பிள்ளை அமைந்தபோது நான் நிம்மதியாக இல்லை. அவள் உண்டானதும், ஏழாம் மாத வளைகாப்புக்குக்கூடக் காத்திராமல், ஐந்தாம் மாதமே கூட்டிவந்துவிட்டேன்.

அன்றைக்கே சம்பந்தி அம்மாள் சொன்னாள்: “எங்க ஊர்ல மருந்து அடிச்சு எத்தன வருசமாச்சு அண்ணாச்சி! அந்தக் காச்சல் பேரே இப்பம் கெடையாது. நீங்க எந்தக் காலத்துல இருக்கிய?”

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியில் அவள் விரலைக் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மலேரியாவேதான். டாக்டர் மாத்திரை கொடுத்தார். இது கர்ப்பிணிக்கும் கொடுக்கலாம், ஆனால் ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமியைக் கொல்லுகிற இன்னொரு மருந்தைப் பிரசவத்துக்கு முன்னால் கொடுக்க முடியாது, அதுவரை காய்ச்சல் திரும்பவும் வரலாம் என்றார்.

புதன்கிழமை மலேரியா தடுப்பு ஊழியர் ஒருவர் டார்ச்சும் வெள்ளை அகப்பையுமாக வீட்டுக்கு வந்தார். தினமும் நானே பினாயில் ஊற்றிக் கழுவும் சாக்கடையைக் காட்டினேன். அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே தண்ணீர்த் தொட்டிக்குப் போனார்.

எங்கள் தெருவுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் நல்ல தண்ணீர். எந்த நேரத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு சொட்டும் தவறக்கூடாது என்று ரப்பர் ஓஸ் எப்போதும் தொட்டிக்குள்ளேயே கிடக்கும். அதற்காக மூடிப் பலகையை நாலு விரல் தள்ளி வைத்திருப்பேன். உள்சுவரில் குடக் கணக்குக்குப் பெயிண்டால் கோடுகள் போட்டிருந்தேன். மொத்தம் எண்பத்துநாலு குடம். பஞ்சத்துக்குப் பயந்து, நாற்பது குடத்துக்குக் கீழே இறங்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். பதினாலு மாதமாக அந்த நாற்பது குடக் கோடு வெளியே தெரிந்ததில்லை.

ஊழியர் ஒரு அகப்பை மொண்டு என்னிடம் நீட்டினார். “எண்ணுங்க சார்வாள்.”

பதினொரு கொசுப்புழு. நறுக்கிப் போட்ட நூல் போல நீர்மட்டத்தோடு படுத்துக் கிடந்தன.

“இது குடிக்கித தண்ணிவே!” என்றேன்.

“அதுக்கும் நல்ல தண்ணிதான் வேணும். சாக்கடையில வளருதது வேற கொசு. இது உங்கள மாதிரி, சுத்தம் பாக்கும்.”

“இந்த ஊர்ல ஏது மலேரியா?”

“முன்ன வீட்டுக்கு வீடு தொட்டி ஏது? இப்பம் ஊரு பெருத்துட்டு, தண்ணி பத்தல, ஆளுக்கொரு தொட்டி கட்டியாச்சு. பொழைக்க வார சனத்துல ஒருத்தர் ரத்தத்துல கிருமி இருந்தாப் போதும். மிச்சத்த நம்ம தொட்டிக் கொசு பாத்துக்கிடும்.”

என் மனைவி கதவோரத்தில் நின்றிருந்தாள். “நாப்பது குடம், நாப்பது குடம்னு காவல் இருந்தியளே. இப்பம்லா தெரியுது, யாருக்குக் காவல் இருந்தியன்னு.”

அன்று மாலையே தொட்டியைக் காலி செய்தேன். அறுபத்தொரு குடம். அத்தனையும் முருங்கை மரத்து மூட்டுக்குப் போயிற்று.

மறுநாள் முதல் பஸ்ஸில் சம்பந்தி அம்மாள் வந்து இறங்கினாள். “மருமவள அனுப்புங்க. தலைப்பிரசவம் தாய்வீட்லன்னு சொல்லிக்கிட்டு இங்கன கெடந்து சாவவா?”

அனுப்பிவிட்டால் என் வெட்கம் பாதி தீரும். ஆனால் மகளை அங்கே அனுப்பலாமா என்று ஊழியரிடம் முந்தினநாளே கேட்டிருந்தேன். சம்பந்தி ஊரில் கிருமிதான் இல்லை; கொசு இருக்கிறது என்றார். ரத்தத்தில் கிருமியோடு மகள் அங்கே போனால், அவளைக் கடித்த கொசு அடுத்த வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சியையும் கடிக்கும்.

“அனுப்ப மாட்டேன். ஒங்க ஊர்ல ஒழிஞ்சத நாங்க திருப்பிக் கொண்டாந்து குடுக்கக் கூடாது.”

“தப்புப் பண்ணுனதும் நீங்க, சட்டம் பேசுததும் நீங்களா?”

“ஆமா, ரெண்டும் நாந்தான்.”

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தேங்காய் நாரோடு தொட்டிக்குள் இறங்கிச் சுவரைத் தேய்க்க ஆரம்பித்தாள். பிரசவம்வரை ஊருக்குத் திரும்பவில்லை.

என் தொட்டி மட்டும் சுத்தமாகி என்ன பயன்? கொசு சுவர் தாண்டி வரும். மகளைக் கொசுவலைக்குள் படுக்க வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை ஒரு அகப்பை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். இருபத்தேழு வீடு, முப்பத்துமூன்று தொட்டி. இருபத்தொன்றில் ஓஸுக்காக விட்ட அதே நாலு விரல் இடைவெளி.

“மூட்டை எண்ணுன அண்ணாச்சி புழு எண்ண வந்துட்டாவ” என்று சிரித்தார்கள். தண்ணீரைக் கொட்டச் சொன்னபோது சிரிப்பு நின்றது. ஒருவர் கதவையே சாத்தினார். அவர்கள்மேல் குற்றமில்லை. நானும் சாத்தியிருப்பேன்.

அதனால் கொட்டச் சொல்வதை விட்டேன். முட்டை கொசுவாக ஒரு வாரமாவது ஆகும் என்று ஊழியர் சொல்லியிருந்தார். வாரத்தில் ஒருநாள், குழாய் வருவதற்கு முன்னால், மிச்சத் தண்ணீரைத் துணியில் வடித்துக் குடங்களில் எடுத்து வாயைக் கட்டுங்கள். தொட்டியைத் தேய்த்துக் காயவிட்டுப் புதுத் தண்ணீரைப் பிடியுங்கள். ஒரு குடமும் வீணாகாது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். கதவைச் சாத்தியவர் வீட்டில் நானே இறங்கித் தேய்த்தேன். எட்டு வெள்ளிக்கிழமை நடந்தேன். முதல் வாரம் பத்தொன்பது தொட்டியில் புழு. எட்டாவது வாரம் இரண்டில்.

நவம்பரில் மகளுக்கு மறுபடி ஒருமுறை குளிர் வந்தது. அன்று இரண்டு மணி நேரம் அக்காவைத் தவிர எனக்கு வேறு நினைவில்லை. உடனே மாத்திரை கொடுத்தோம், அடங்கிவிட்டது. டிசம்பர் 16ஆம் தேதி பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ அறுநூறு கிராம்.

அந்த ஈரல் மருந்தையும் டாக்டர் சொன்ன காலத்தில் கொடுத்து முடித்து, இரண்டு முறை ரத்தம் பார்த்து, இரண்டு முறையும் ஒன்றுமில்லை என்ற பிறகே தாயையும் பிள்ளையையும் ஆற்றங்கரைக்கு பஸ் ஏற்றினேன். அதற்குள் என் தொட்டிக்கு இரும்பு மூடி போட்டு, ஓஸ் நுழைய அதிலேயே துளை வைத்து, துளைக்கு வலையும் கட்டியிருந்தேன். மூடி, வலை, கொத்தனார் கூலி எல்லாம் சேர்த்து, அந்த நாலு விரல் இடைவெளியை அடைக்க எனக்கு ஆன செலவு ஐம்பத்திரண்டு ரூபாய் நாற்பது பைசா.