கட்ட வந்த ஒன்பது பேர்

புதூர்நாட்டுச் செவ்வந்தியின் புருஷன் பார்த்திபன் நாள்கணக்கில் தூங்கவில்லை. சோற்றில் விஷம் கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளினான். திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று மலையூர் டாக்டர் சொன்னார். அவ்வளவுதான், சொந்தக்காரர்களுக்கு எங்கிருந்தோ வீரம் வந்துவிட்டது. எலும்பும் தோலுமாக இருந்தவனைப் பிடிக்க ஒன்பது ஆம்பளைகள். மாட்டுக் கயிற்றால் கையைக் கட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். வழியெல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அடிவாரத்தில் நிறுத்தி போண்டாவும் தின்றார்கள்.

வார்டில் நர்ஸ் கூட வந்திருந்த செவ்வந்தியைக் காட்டிக் கேட்டாள். "இந்தம்மா கூட இன்னொருத்தர் தங்கணுங்க. யாரு இருக்கீங்க?"

ஒருவருக்குச் சாமை அறுப்பு. இன்னொருவருக்கு மச்சான் வீட்டில் காதுகுத்து. மற்றவர்களுக்குப் பொய்கூடத் தோன்றவில்லை. செருப்பைத் தேடினார்கள்.

போனவர்களில் பார்த்திபனின் சித்தப்பா சிங்காரம் மட்டும் திரும்பி வந்தார். இவராவது தங்குவார் என்று செவ்வந்தி ஒரு நொடி நம்பிவிட்டாள்.

"அந்தக் கயித்தக் குடும்மா. மாடு கட்டணும்."

கட்டிலில் புருஷன் அயர்ந்து கிடந்தான். அவிழ்த்துச் சுருட்டி வைத்திருந்த கயிற்றை எடுத்து நீட்டினாள்.

"பத்திரமா வெச்சிக்கோங்க மாமா. நாளைக்கி உங்களுக்கே இப்டி ஆனாலும், கட்றதுக்கு ஆளுங்க வருவாங்க."